படித்தவர்கள் பாடம் கேட்ட மாவட்டம்

1947ஆம் ஆண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் செங்கல்பட்டுக்கு வந்தார். கொல்லிமலையில் ஊழியம் செய்துவந்த பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்தவர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தவர் மருத்துவர் ராபர்ட் கோக்ரேன். வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஓர் இளைஞரின் கை பிராண்டின் கண்ணில் பட்டது. அந்தக் கைக்குள் தன் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலிழந்த கைதானே, பிடியில் வலு இருக்காது என்பது அவர் எண்ணம். இளைஞரோ நகம் பதியும்படி பிடித்தார். பிராண்டுக்கு வலி பொறுக்கவில்லை. தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த இளைஞருக்குத் தெரியவே இல்லை. அவர் கையில் உணர்ச்சி கிடையாது.

தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையின் வரலாறு அந்தப் பிடியிலிருந்து தொடங்குகிறது.

பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர்கள் உலகத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், வெளிநாட்டில் பெரிய பதவியில் இருப்பவர்களின் பெயர்களும் பரிசு வாங்கியவர்களின் பெயர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. செங்கல்பட்டும் மாமல்லபுரம் கடற்கரையும் வேறொரு வரலாற்றை வைத்திருக்கின்றன. உலகெங்கும் மருத்துவர்களும் உயிரியலாளர்களும் இன்று பயன்படுத்தும் அறிவில் ஒரு பங்கு இந்த மண்ணில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் பலர் பட்டம் பெற்றவர்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் அதைத் தனியாகச் செய்யவில்லை. நோயாளியின் கை, கிராமத்தார் நீட்டிய கை, இருளரின் பாம்பறிவு ஆகியவற்றிடம் அவர்கள் பாடம் கேட்டார்கள். கேட்ட இடங்களில் உலகம் மாறியது. இந்தக் கூட்டுழைப்பில் படித்தவர்களின் பங்கு மட்டுமே வரலாற்றில் ஏறியிருக்கிறது. மறுபாதியையும் சேர்த்துச் சொன்னால்தான், படிப்பு எப்போது பயன் தருகிறது என்பது நமக்கு விளங்கும்.

திருமணி: மடங்கிய விரல்கள் சொன்னது

லேடி வில்லிங்டன் மருத்துவமனை 1924இல் ஸ்காட்லாந்து திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் தொழுநோய்க்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் மட்டும்தான். அதை ஊசியாகப் போடுவார்கள். வலி கடுமையாக இருக்கும், பலன் நிச்சயமில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த கோக்ரேன் 1930களின் நடுவில் இந்த மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.

1941இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜெட் என்ற மருத்துவர், சல்போன் வகையைச் சேர்ந்த புரோமின் மருந்து தொழுநோயைக் கட்டுப்படுத்துவதைக் கண்டார். அது பெரிய திருப்பம். ஆனால் புரோமினைத் தினமும் நரம்பில் ஊசியாக ஏற்ற வேண்டும். கிராமத்திலிருந்து நடந்து வரும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அது எட்டாத மருந்து. அந்த வகை மருந்துகளுக்கெல்லாம் மூலமான டாப்சோன் மிகவும் மலிவு. ஆனால் நச்சுத்தன்மை அதிகம் என்று மருத்துவ உலகம் அதை ஒதுக்கி வைத்திருந்தது. 1940களின் இரண்டாம் பாதியில் கோக்ரேன் குழுவினர் அந்த மூலமருந்தையே எண்ணெயில் கலந்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டரை ஆண்டு அனுபவத்தை கோக்ரேன், கே. ராமானுஜம் உள்ளிட்ட நால்வர் 1949இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார்கள். அதையொட்டி நைஜீரியாவில் ஜான் லோ, குறைந்த அளவு டாப்சோனை மாத்திரையாக விழுங்கினாலே போதும் என்று காட்டினார். நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்ற எளிய சிகிச்சை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து சிகிச்சையில் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றோடு டாப்சோனும் இன்றுவரை இருக்கிறது.

மருந்து கிருமியைக் கொல்லும். மடங்கிய விரலை நிமிர்த்தாது. பிராண்ட் வந்து நின்றது இந்த இடத்தில். உலகில் இத்தனை லட்சம் பேருக்குக் கைகால் ஊனம் தரும் நோயை ஓர் எலும்பு மருத்துவர்கூட ஏன் ஆராயவில்லை என்ற கேள்வி அவருக்கும் கோக்ரேனுக்கும் இடையே எழுந்தது. தொழுநோயில் சதை அழுகி விரல் தானாக உதிர்கிறது என்றே மருத்துவர்களும் மக்களும் நம்பியிருந்தார்கள். அழுகும் கையை அறுத்துச் சரிசெய்ய முடியாது என்பதால் யாரும் முயலவும் இல்லை.

இளைஞரின் பிடி அந்த நம்பிக்கையை உடைத்தது. அவ்வளவு வலுவாகப் பிடிக்க முடிகிறது என்றால் முன்கையின் தசைகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பொருள். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு பழுதானால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கும். ஆழத்தில் உள்ள நரம்புகளும் அவை இயக்கும் முன்கைத் தசைகளும் தப்பிவிடும். அப்படித் தப்பிய ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரும். 1948 முதல் வேலூரில் பிராண்டும் அவருடைய சகாக்களும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். மருத்துவத்துக்கு வருமுன் பிராண்ட் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். கையை ஒரு பொறியாகப் பார்க்கும் பார்வை அவருக்கு அங்கிருந்து வந்தது.

கை நிமிர்ந்த பிறகும் நோயாளிகளின் விரல்களில் புண்கள் வந்துகொண்டே இருந்தன. பிராண்ட் குழுவினர் ஒவ்வொரு புண்ணாக விசாரித்தார்கள். ஒருவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்திருந்தார். இன்னொருவர் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்பும்போது விரல் எலும்புவரை கிழிந்தும் அறியாமல் திருப்பியிருந்தார். தூங்கும்போது சிலருடைய விரலை எலி கடித்துத் தின்றது; வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. வீடு திரும்பும் நோயாளிகளுடன் ஒரு பூனையையும் அனுப்பும் வழக்கம் இதற்குப் பின் வந்தது. விரல்கள் நோயால் உதிரவில்லை. வலி என்னும் காவல் இல்லாததால் அன்றாட வேலையில் அடிபட்டு அழிகின்றன. இந்த உண்மையை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லவில்லை. நேற்று காலையிலிருந்து என்ன வேலை செய்தாய் என்று நோயாளியிடம் உட்கார்ந்து கேட்டதால் கிடைத்த உண்மை அது.

அதன் பயன் தொழுநோயோடு நிற்கவில்லை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கும் அதே ஆபத்து. உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு, பாதம் முழுவதும் அழுத்தத்தைப் பங்கிடும் மாவுக்கட்டு, தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவை தொழுநோய் மருத்துவமனைகளில் உருப்பெற்று, பிராண்ட் 1966இல் கார்வில் சென்ற பிறகு நீரிழிவு சிகிச்சைக்குள் பரவின. இந்தியாவில் இன்று சுமார் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் காலை வெட்டாமல் காப்பாற்றும் எந்த மருத்துவரும், திருமணியிலும் வேலூரிலும் வாழ்ந்த தொழுநோயாளிகளுக்குக் கடன்பட்டவர்.

1955இல் இந்திய அரசு லேடி வில்லிங்டன் மருத்துவமனையை ஏற்று, மத்திய தொழுநோய்க் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. அது இன்றும் திருமணியில் இயங்குகிறது.

கை நீட்டிய மூன்றரை லட்சம் பேர்

இரண்டாவது கதை காசநோய் பற்றியது. பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலில் 1921இல் பாரிஸில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உலகின் மிகப் பரவலான தடுப்பூசிகளில் ஒன்றாக அது ஆனது. இந்தியாவில் 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் நிறுவப்பட்டு ஊர் ஊராக ஊசி போடப்பட்டது. எதிர்ப்பும் இருந்தது. ராஜாஜி 1955இல் பி.சி.ஜி.யைத் தாம் ஏன் எதிர்க்கிறோம் என்று ஒரு சிறுநூலே எழுதினார். அறிவியலாளர்களுக்குள்ளும் குழப்பம் இருந்தது. பிரிட்டனில் நடந்த ஆய்வு ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு இருப்பதாகச் சொன்னது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதியில் நடந்த ஆய்வில் கிடைத்தது வெறும் 14 சதவீதம். ஒரே தடுப்பூசிக்கு இரண்டு தீர்ப்பு.

இதைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை தேர்ந்தெடுத்த இடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பரில் இன்றைய செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஆய்வு நடந்த கிராமங்கள் பெரும்பாலும் இன்று திருவள்ளூர்ப் பக்கம் இருக்கின்றன. ஆனால் உலக மருத்துவ நூல்களில் அதன் பெயர் ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்றே நிலைத்துவிட்டது.

1968 முதல் 1971 வரை ஆய்வுக் குழுக்கள் வீடு வீடாகப் போயின. முதலில் தலைக்கணக்கு. மொத்தம் 3,66,625 பேர் பதிவானார்கள். அடுத்து முன்கையில் டியூபர்குலின் பரிசோதனை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊரிலேயே எக்ஸ்ரே. படத்தில் ஐயம் இருந்தால் சளிப் பரிசோதனை. பிறகு 2,81,161 பேருக்கு ஊசி. சிலருக்கு முழு அளவு பி.சி.ஜி., சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பிப் போனார்கள். இப்படிப் பதினைந்து ஆண்டு. கல்யாணமாகி வேறூர் போனவர்களையும், வேலைக்குப் பட்டணம் போனவர்களையும், இறந்தவர்களையும் கணக்கில் வைத்துக்கொண்டே ஒரு மாவட்டத்தின் பெரும்பகுதியைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்வது எளிய காரியம் இல்லை. உலகில் நடந்த மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு இதுவே.

ஏழரை ஆண்டு முடிவுகள் 1979இல் வெளியாயின. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.க்கு எந்தப் பலனும் தெரியவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நோய் ஒரே அளவில் வந்தது. உலகம் அதிர்ந்தது. தடுப்பூசியின் வீரியத்தையும் ஆய்வு முறையையும் வல்லுநர்கள் துருவித் துருவிப் பார்த்தார்கள், முடிவு நின்றது. 1999இல் வெளியான பதினைந்தாண்டு அறிக்கையும் அதையே உறுதிசெய்தது: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்கு 27 சதவீதம் என்ற குறைந்த அளவு, அதுவும் புள்ளியியல்படி உறுதியற்றது.

இந்த ஆய்வு தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஓர் அரசு, தானே பல ஆண்டுகளாக மக்களுக்குப் போட்டுவந்த ஊசியைச் சோதித்து, எதிர்பார்த்த பலன் இல்லை என்று தன் பெயரிலேயே உலகுக்கு அறிவித்தது. அறிவியலின் நேர்மைக்கு இதைவிடப் பெரிய சான்று நம் நாட்டில் அதிகம் இல்லை. அந்த முடிவின் பயன்களும் கண்கூடு. பி.சி.ஜி. குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடும் ஊசியாக அது தொடர்கிறது. பெரியவர்களின் காசநோயை ஊசியால் மட்டும் ஒழிக்க முடியாது, நோயாளியைக் கண்டுபிடித்து முழுமையாக மருந்து கொடுப்பதே வழி என்பது தெளிவானது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் காசநோய் சாராத மைக்கோபாக்டீரியாக்கள் வெப்பநாட்டு மக்களின் உடலை முன்கூட்டியே பழக்கிவிடுவதால் பி.சி.ஜி.யின் பலன் மங்குகிறதா என்ற கேள்வி பெரும் ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தது. புதிய காசநோய்த் தடுப்பூசி எதைச் சோதிப்பவரும் செங்கல்பட்டைக் கடந்து போக முடியாது.

இதே மாவட்டம் 1991இல் மறுபடியும் கை நீட்டியது, இந்த முறை தொழுநோய்த் தடுப்பூசிக்கு. எம்.டி. குப்தே தலைமையில் நடந்த ஆய்வில் 1,71,400 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். 1998இல் வந்த முடிவுகளின்படி, கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியுடன் பி.சி.ஜி. சேர்த்த ஊசி 64 சதவீதமும், பி.சி.ஜி. தனியாக 34 சதவீதமும் பாதுகாப்புத் தந்தன.

இந்த ஆய்வுகளை வடிவமைத்தவர்களின் பெயர்கள் ஆய்விதழ்களில் இருக்கின்றன. கை நீட்டியவர்கள் அங்கே ஓர் எண்ணாக நிற்கிறார்கள். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வெற்று ஊசியா மருந்தா என்று தெரியாமல், தனக்கு உடனே எந்த ஆதாயமும் இல்லாமல், பதினைந்து ஆண்டுகள் கதவைத் திறந்துவிட்ட நெல் விவசாயியும் கூலிப்பெண்ணும் இல்லையென்றால் அந்த எண்ணே கிடையாது.

வடநெம்மேலி: இருளரின் கண்

மூன்றாவது கதைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய குழுவினரும் 1976இல் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். 1978இல் அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்து அதன் தோலை விற்று வாழ்ந்தவர்கள். 1972இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. இருளரின் பிழைப்பைப் பறித்தன. சட்டம் எழுதியவர்கள் அந்த இரண்டாவது விளைவை நினைக்கவில்லை. சங்கம் கண்ட வழி எளியது: பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை மட்டும் எடுக்கலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்ற இருளர்கள் பிடித்து வருகிறார்கள். மணல் இட்ட மண்பானைக்குள் பாம்பை விட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்தைப் போன்ற நிலத்திலேயே திரும்ப விடுகிறார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிப்பதில்லை. எடுத்த விஷத்தை உறையவைத்து உலர்த்தி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். நிறுவனங்கள் அதைச் சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரை இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து செய்கின்றன. நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்திலிருந்து போகிறது.

இதன் எடை என்ன என்பதை ஓர் எண் சொல்லும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆய்வின் ஆசிரியர்களில் விட்டேக்கரும் ஒருவர். இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார், வயலில் வேலை செய்பவர்கள். விஷமுறிவு மருந்து நேரத்தில் கிடைத்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் வடநெம்மேலிப் பானைகளுக்குக் கடன்பட்டவர்களாக இருக்கலாம்.

இருளரின் அறிவு என்பது துணிச்சல் மட்டும் இல்லை. வரப்பில் நடக்கும்போதே எலிவங்கின் வாயைப் பார்க்கிறார்கள். வங்கின் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, வாயில் சிலந்தி வலை அறுந்திருக்கிறதா, பாம்புச் சட்டை கிடக்கிறதா, எச்சம் புதிதா பழசா, மண்ணில் இழுபட்ட தடம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார்கள். உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது என்று சொல்லிவிட்டுத்தான் கடப்பாரையை எடுக்கிறார்கள். கவனித்தல், ஊகித்தல், தோண்டிச் சரிபார்த்தல் என்று பல்கலைக்கழகம் ஆய்வு முறையாகச் சொல்லித்தருவதன் எல்லாப் படிகளும் இதில் இருக்கின்றன.

இதை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஒப்புக்கொண்டது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள பாலூட்டிகளை ஏறக்குறைய துடைத்துவிட்டன. வேட்டைப் போட்டி வைத்துப் பார்த்தார்கள், மோப்ப நாயை விட்டுப் பார்த்தார்கள். 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். முன்பின் பார்த்திராத நிலம், மொழி தெரியாத நாடு. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேக்கருக்கு அதே விருது 2018இல் கிடைத்திருந்தது.

இந்தக் கதையில் தீராத கணக்கும் ஒன்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் செய்த ஆய்வுகள், ஒரே வகைப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்று காட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ கடிபட்டவருக்குக் குறைவாகவே உதவலாம். ஆக, அந்தந்தப் பகுதியில் விஷம் எடுக்க வேண்டும். அதற்கு அந்தந்தப் பகுதியின் பாம்பறிவு தேவை. இருளர் சங்கம் நாட்டுக்குக் காட்டிய மாதிரியை நாடு இன்னும் பின்பற்றவில்லை.

ஆமைக் கரையில் மாணவர்கள்

பட்டம் வாங்கும்வரை காத்திருக்காதவர்களும் இந்தக் கடற்கரையில் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் கடற்கரை இது. 1970களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சதீஷ் பாஸ்கர், அதை விட்டுவிட்டு இந்தியாவின் ஆமைக் கரைகளையெல்லாம் நடந்து அளந்தார். நாட்டில் ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்பதற்கான முதல் வரைபடம் அவர் நடையில் உருவானது. எத்திராஜ் கல்லூரி மாணவியாகப் பாம்புப் பண்ணைக்குத் தொண்டு செய்ய வந்த ஜெ. விஜயா, பிறகு முதலைப் பண்ணையில் ஆமை ஆய்வாளரானார். பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாதிருந்த கேரளக் காட்டு ஆமையை 1982இல் மீண்டும் கண்டறிந்தார். 1987இல் இளவயதிலேயே இறந்தார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு ‘விஜயாகெலிஸ்’ என்று அவர் பெயரையே இட்டார்கள்.

1988இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் வேலை இன்றுவரை தொடர்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இப்போது இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். ஆனாலும் 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. மாணவர்கள் முட்டையைக் காக்கலாம். கடலுக்குள் ஆமையைக் காப்பவர் மீனவர்தான். அவரைக் கூட்டாளியாகச் சேர்க்காத பாதுகாப்பு பாதி வேலையாகவே நிற்கும்.

திருப்பித் தர வேண்டியது

இந்தக் கதைகளில் பொதுவான ஒன்று இருக்கிறது. பிராண்ட் தன் கையை நீட்டினார். ஆய்வுக் குழுவினர் பதினைந்து ஆண்டு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். விட்டேக்கர் இருளரை வேலையாளாக நினைக்காமல் சங்கத்தின் உறுப்பினராக்கினார். மூவருமே விடையோடு வரவில்லை, கேள்வியோடு வந்தார்கள். தங்கினார்கள். எதிர்பாராத முடிவு வந்தபோது அதை மறைக்கவில்லை. படிப்பு பயன் தந்ததற்குக் காரணம் இந்த மூன்று குணங்கள்.

அப்படிப் பெற்ற அறிவுக்கு நாம் திருப்பிச் செய்தது போதாது. 2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனால் உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்கள். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை 2016இல்தான் நீக்கினோம். இந்த நோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற பிரிவு 2019இல்தான் போனது. உணர்ச்சியற்ற தேமலைக் காட்டி மருத்துவமனைக்கு வர வெட்கப்பட்டு, விரல் மடங்கிய பின் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம் முதல் கல்பாக்கம் வரை கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் நிறைந்திருக்கின்றன. 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஊர் நடுவே நிற்கிறது. காட்டாங்கொளத்தூரில் மட்டும் பல்லாயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆண்டுதோறும் எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் ஊர்மக்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் வாங்கிய ஆய்வுகள் பல. அந்த மக்களுக்கு முடிவு திரும்பிப் போகிறதா?

பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மூன்று வேண்டுகோள். ஒரு கிராமத்தில் ஆய்வு செய்தால், முடிவை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அந்த ஊரின் கிராமசபையில் படித்துக் காட்டுங்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்காவிட்டாலும் படித்துக் காட்டுங்கள். இருளரோ மீனவரோ விவசாயியோ உங்களுக்கு ஒன்றைச் சொல்லித் தந்திருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரைக் கட்டுரையின் தலைப்பக்கத்தில் போடுங்கள். நன்றியுரையின் கடைசி வரியில் அடக்கிவிடாதீர்கள். அந்த ஆய்வால் ஒரு மருந்தோ வருமானமோ வந்தால், அது முதலில் அவர்களுக்குப் போய்ச் சேர வழி செய்யுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆய்வு விதிகளில் மூன்று வரி சேர்த்தால் போதும். செங்கல்பட்டு உலகுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கையாவது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதற்குத் திருப்பித் தரட்டும்.